லிஃப்ட்டுக்காரர் பின்னிய சால்வை

அந்தக் கட்டடத்துக்கு எட்டு மாடி, லிஃப்ட் ஒன்றே ஒன்று. பொத்தான் வைத்த லிஃப்ட்தான். ஆனால் கதவு பழைய காலத்து, மடங்கி ஒதுங்கும் இரும்புக் கிராதிக் கதவு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. விரல் நசுங்காமல் இழுத்து மூட ஒரு பக்குவம் வேண்டும். அதனால் அதற்கென்று ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். அவர்தான் லிஃப்ட்டுக்காரர். நான் ஐந்தாவது மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. ஒன்பது வருடம் அவர் தயவில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

முக்காலியில் சாய்ந்தாற்போல உட்கார்ந்திருப்பார். மடியில் துணிப்பை. பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை நூல் ஏறி வந்து, அவர் கையிலிருக்கும் இரண்டு மூங்கில் குச்சிகளுக்கு நடுவே வலையாகிக்கொண்டிருக்கும். கிராதியை இழுப்பார், பொத்தானை அழுத்துவார், குச்சியை எடுப்பார்.

"கீழேயிருந்து எட்டாவது மாடிக்கு அம்பது நொடி. இருபது கண்ணி போடலாம். நடுவுல மூணாவது மாடிக்காரங்க மணி அடிச்சா பதினாலு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். கண்ணி என்றால் பின்னலின் ஒரு வளையம். நான் மூன்றாவது மாடிக்காரன் இல்லை என்பதில் அன்று எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

முதலில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆறடி ஆள், நரைத்த மீசை, காக்கிச் சட்டை, கையில் பூவேலைப் பின்னல். சிரித்தால் அவரும் சிரிப்பார். குச்சி மட்டும் நிற்காது. ஒருநாள் இரண்டாவது மாடிக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவன், "என்னங்க, வீட்ல சமையலும் நீங்கதானா?" என்று கேட்டான்.

"ஆமாங்க. சாப்பிட வர்றீங்களா?" என்றார் லிஃப்ட்டுக்காரர். அவன் முதல் மாடியிலேயே இறங்கிக்கொண்டான்.

அவர் பின்னலுக்கு வந்த வழி வேறு. லிஃப்ட் வேலைக்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் மெக்கானிக். ஒரு மெஷினில் ஆயிரத்துச் சொச்சம் ஊசி; ஒவ்வொரு ஊசியும் ஒரு வளையத்தைப் பிடித்து இன்னொரு வளையத்துக்குள் இழுக்கும். எந்த ஊசி சோம்பினாலும் துணியில் ஓட்டை விழும். விழுந்தால் அது கழிவு, மெக்கானிக்குக் குட்டு. ஓட்டை விழாமல் காவல் காப்பதுதான் அவர் பிழைப்பாக இருந்தது. ஒரு மத்தியானம் ஓடும் மெஷினில் இடதுகை மாட்டிச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நசுங்கின. எலும்பு சேர்ந்தது, விரல் மடங்கவில்லை. கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது.

மருத்துவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார். நாலு நாள் அமுக்கினார். ஐந்தாம் நாள் பந்தை ஜன்னல் வழியாக வீசிவிட்டார். "உசிர் இருக்கிற மனுஷன் பண்ற வேலையா அது?" என்று மனைவியிடம் கத்தியிருக்கிறார். பிறகு பழைய சைக்கிளின் இரண்டு கம்பிகளைக் கழற்றி, முனையை அரத்தால் தேய்த்து, ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆயிரம் ஊசி செய்வதை இரண்டு கம்பியால் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. வளையம் எப்படி வளையத்துக்குள் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம்; விரலுக்குத்தான் தெரியாது.

மூன்றாவது வாரம் நூல் தவறுதலாகக் கம்பியில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டது. அடுத்த வரிசையில் அங்கே ஓர் ஓட்டை. பழைய பழக்கத்தில் முதலில் கை மெஷினை நிறுத்தும் விசையைத் தேடியது. பிறகு துணியை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. அழகாக இருந்தது. திட்டுவதற்கு யாரும் இல்லை.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேங்க. இனிமே ஓட்டை போடறதுதான் வேலை" என்பார்.

ஓட்டை போட்டுக்கொண்டே போனால் துணி அகன்றுகொண்டே போகும். ஒரு சுற்று கூடினால் பக்கத்தில் எங்கேயாவது இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது, குறைத்தது இடதுபக்கம் சாயணுமா வலதுபக்கம் சாயணுமா, இவ்வளவுதான் மொத்த வித்தையும். இதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்வார். வட்டம் என்றால் ஓட்டை. சாய்கோடு என்றால் சேர்ப்பு. தாளுக்குப் பஞ்சமில்லை. அவர் மனைவி ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்தார். வெட்டிய ஓரத்துண்டுகளில் கட்டத்தாள் இருந்தால் சேர்த்துக் கொண்டுவருவார். அந்த அக்காவுக்குப் பின்னல் வராது, பிடிக்கவும் பிடிக்காது. "ரெண்டு குச்சியை எடுத்தா எனக்குத் தூக்கம் வருது" என்பார்.

சொந்தக்காரர்களில் அவரை விடாமல் குடைந்தவர் மனைவியின் தம்பி. மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். வரும்போதெல்லாம் ஒரு பாட்டம் பாடாமல் போகமாட்டார்.

"மச்சான், எல்லாம் சரி. தெருவுல நாலு பேர் பாக்கற மாதிரி வாசல்ல உட்கார்ந்து பின்னாதீங்க. எனக்கு மானம் போகுது."

"வாசல்லதான் வெளிச்சம் நல்லா இருக்கு, மாப்ளே."

"கையில ரெண்டு வளையலை மாட்டிக்கிட்டா முழுசாயிடும்."

"மாட்டலாம். நூல் சிக்கும். அதான் பாக்கறேன்."

மைத்துனர் அக்காவைப் பார்ப்பார், ஏதாவது சொல்வார் என்று. அக்கா டீ டம்ளரை நங்கென்று அவர் முன்னால் வைப்பார். "நீ உன் கடையில நட்டு போல்ட்டு எண்ணறே. அவரு கண்ணி எண்றாரு. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

நான் சொல்ல வந்த சால்வை அவருடைய ஐம்பத்திரண்டாம் வயதில் பின்னியது. அதற்கான யோசனை லிஃப்ட் கதவிலிருந்தே வந்தது. கிராதியை ஒதுக்கித் தள்ளினால் அதன் கட்டங்கள் ஒடுங்கி உயரமாகும். இழுத்து மூட மூட அகன்று குட்டையாகும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சால்வையின் ஒரு முனையில் ஒடுங்கிய கட்டங்களில் தொடங்கி, நடுவே வர வர அகன்று, மறுமுனையில் மறுபடி ஒடுங்க வேண்டும். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கண்ணி. எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபத்துநாலு எல்லாவற்றாலும் வகுபடும் எண். இதைக் கண்டுபிடித்த அன்று எங்கள் அலுவலகத்துக் கணக்காளரிடம் போய்ச் சரிபார்த்துக்கொண்டார்.

சிக்கல் அளவு மாறும் இடத்தில் வந்தது. எட்டுக் கண்ணிக் கட்டம் பன்னிரண்டாக மாறும்போது, மூன்று கோட்டுக்கு ஒரு கோடு போக வழியில்லாமல் நின்றது. வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. மூன்று தடவை பிரித்தார். ஒவ்வொரு தடவையும் ஆறு வாரத்து வேலை ஒரு மணி நேரத்தில் நூலாகி உருண்டது. நான் பதறினேன். அவர் பதறவில்லை, கோபமாகத்தான் இருந்தார்.

"கதவுல எந்தக் கம்பியும் பாதியில நிக்கலை சார். என் சால்வையில மட்டும் ஏன் நிக்கணும்?"

நாலாவது தடவை, நிற்க வேண்டிய கோட்டை நிறுத்தாமல் பக்கத்துக் கோட்டோடு இணைத்தார். இணைந்த இடத்தில் மூன்று கண்ணி ஒன்றாகி, சின்னதாக ஒரு புடைப்பு விழுந்தது. கிராதியில் கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் இருக்கும் ஆணித்தலை போலவே இருந்தது. அன்று என்னை ஐந்தாவது மாடியில் இறக்க மறந்து எட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

பதினோரு மாதத்தில் முடிந்தது. குச்சியிலிருந்து இறக்கியபோது கசங்கிய கந்தல் மாதிரிதான் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, கட்டில் மெத்தையின் மேல் விரித்து, ஓரம் முழுக்க இழுத்து இழுத்துக் குண்டூசி குத்தினார். காய்ந்தபிறகுதான் பூவேலை விரிந்து நிற்கும். "கட்டில் சால்வைக்கு, தரை எங்களுக்கு" என்று மறுநாள் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னாராம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். தொண்ணூற்றிரண்டு கிராம். ஓர் ஆள் கைகளை அகல விரித்தாலும் தாண்டும் நீளம். சுருட்டினால் ஒரு டீ டம்ளருக்குள் அடங்கியது.

ஆறாவது மாடியில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். அவர்தான் கைவேலைக் கண்காட்சி பற்றிச் சொன்னது. வருடா வருடம் நகர மண்டபத்தில் ஒரு சங்கம் நடத்துவது. லிஃப்ட்டுக்காரர் அரைநாள் விடுப்புப் போட்டு, சால்வையைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சங்கத்தின் செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். உள்ளேயிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உங்க வீட்டம்மாவுக்கு என்ன கை! எங்கே கத்துக்கிட்டாங்க?"

"வீட்டம்மா இல்லைங்க. நான் பின்னினது."

செயலாளர் அம்மா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். மேலே கொட்டை எழுத்தில் இருந்தது: மகளிர் கைவேலைகள் மட்டும்.

"விதி அப்படிங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இதை விடவும் மனசு வரலை. ஒண்ணு பண்ணுங்க. உங்க வீட்டம்மா பேர்ல குடுத்துடுங்க. முதல் பரிசு இதுக்குத்தான். எழுதி வச்சுக்கோங்க."

"முடியாதுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும். அவங்களையும் கேளுங்க."

கேட்பதென்ன, மறுநாள் அக்காவே நேரில் போய்விட்டார். பைண்டிங் பசை ஒட்டிய கையோடு, அச்சகத்திலிருந்து நேராக. செயலாளர் அம்மா பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, போதும்."

"நான் பின்னலையே."

"யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"பரிசு குடுக்கறேன்னு மேடையில ஏத்திவிட்டு, இந்தம்மா இதை எப்படிப் பின்னினாங்கன்னு ரெண்டு குச்சியைக் கையில குடுத்தா நான் என்ன பண்றது? எனக்கு ஒரு கண்ணிகூடப் போடத் தெரியாது. என் வீட்டுக்காரர் பதினோரு மாசம் கழுத்து வலியோட பின்னுவாரு, நான் போய் மாலையை வாங்கிக்கறதா? எனக்கென்ன அவ்வளவு பஞ்சமா?"

செயலாளர் அம்மா கெட்டவர் இல்லை. கடைசியாக ஒரு வழி சொன்னார். பெயர் போடாமல் காட்சிக்கு மட்டும் வைக்கலாம். போட்டியில் சேர்க்க வேண்டாம். அக்கா இதை வீட்டில் வந்து சொன்னார். லிஃப்ட்டுக்காரர் அடுத்த நாள் போய்ச் சால்வையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பேர் இல்லாம வைக்கறதுக்கு இது யாரோ தொலைச்ச குடை இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

கண்காட்சி தொடங்கிய திங்கட்கிழமை காலை. நான் லிஃப்ட்டுக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பின்சுவர் முழுவதும் ஒரு கறுப்புத் துணி. அதன் மேல் அந்த வெள்ளைச் சால்வை, இரண்டு பக்கச் சுவர்களிலும் திரும்பி வளைந்து, சின்னச் சின்ன நூல் காதுகளால் மாட்டப்பட்டிருந்தது. எதிரே கிராதிக் கதவு. அவர் கதவை மூட, இரும்புக் கட்டங்கள் அகன்றன. சுவரிலும் நூல் கட்டங்கள் அகன்றுகொண்டே போயின. ஓர் அட்டை தொங்கியது. "பின்னியவர்: இந்த லிஃப்ட்டை இயக்குபவர்." அன்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

பத்து மணிக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாடியில் வேலையே இல்லாதவர்கள் எட்டுக்கு ஏறி இறங்கினார்கள். வக்கீலம்மா தன் கட்சிக்காரர்களைக் கூட்டி வந்து காட்டினார். எங்கள் கணக்காளர், "நூத்தித் தொண்ணூத்திரண்டு. நான்தான் சரிபார்த்தேன்" என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு முதியவர் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். "தொடுங்க. மோதிரத்தைக் கழட்டிட்டுத் தொடுங்க" என்றார் இவர்.

பதினொன்றரைக்குக் கட்டட மேலாளர் வந்தார். கீழ்த்தளத்தில் கண்ணாடி அறை அவருடையது. விளக்கு பியூஸ் போனாலும் மனிதர் பியூஸ் போனாலும் ஒரே முகத்தோடு குறிப்பு எழுதுபவர்.

"என்ன இது?"

"சால்வைங்க."

"லிஃப்ட் சுவர்ல விளம்பரம் ஒட்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"விளம்பரம் இல்லைங்க. விக்கறதுக்கில்ல."

"கழட்டு."

"சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கழட்டிடறேங்க."

"இப்பக் கழட்டு."

"முடியாதுங்க" என்றார் லிஃப்ட்டுக்காரர். குரல் உயரவில்லை.

மேலாளர் கையை நீட்டிச் சால்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் லிஃப்ட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். நூல் காதுகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஒன்று தெறிக்கவில்லை. சுவரின் திருகாணியில் நூல் மாட்டிக்கொண்டது. டப் என்று ஒரு சின்னச் சத்தம். நடுவிலிருந்த அகன்ற கட்டத்தில் ஓர் இழை அறுந்து, கண்ணிகள் ஏணிப்படி மாதிரிக் கீழே ஓடத் தொடங்கின.

மேலாளரே கையை எடுத்துவிட்டார்.

லிஃப்ட்டுக்காரர் ஒரே எட்டில் போய், சட்டைப் பையிலிருந்த ஊக்கை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த கடைசிக் கண்ணியில் குத்தி நிறுத்தினார். குனிந்து வரிசைகளை எண்ணினார். "பதினாலு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்த நான் அந்த நிமிடம் மேலாளருக்காகப் பயந்தேன்.

அவர் அடிக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த தகரப் பலகையை எடுத்தார். வருடத்துக்கு நாலு தடவை லிஃப்ட் நின்றுபோகும்போது மாட்டுவது: "பழுது பார்க்கப்படுகிறது. படிகளைப் பயன்படுத்தவும்." அதை வெளிக்கதவில் மாட்டினார். இரண்டு கதவையும் திறந்தே வைத்தார். முக்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சால்வையை மடியில் விரித்து, பையிலிருந்து கொக்கி ஊசியையும் கட்டத்தாளையும் எடுத்தார்.

"லிஃப்ட்டுக்கு என்ன பழுது?" என்றார் மேலாளர்.

"லிஃப்ட்டுக்கு ஒண்ணுமில்லைங்க. பழுது இங்கே. பாத்துக்கிட்டிருக்கேன்."

"இது ஒழுங்கீனம்!"

"ஆமாங்க."

மேலாளர் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். கண்ணாடி அறைக்குப் போய் எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

இரண்டேகால் மணி நேரம். எட்டு மாடிக்கும் எல்லோரும் படியேறினோம். மூன்றாவது மாடிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஏழாவது மாடி அதிகாரி ஒருவர், மூச்சு வாங்க இறங்கி வந்தவர், சண்டை போடத்தான் வந்தார். வந்து பார்த்தவர் குனிந்து ஊசியைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். அறுந்த இடத்தில் புது நூலை இணைத்து, ஓடிப்போன கண்ணிகளை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வெறும் ஏணி இல்லை அது; ஒவ்வொரு வரிசையிலும் எங்கே ஓட்டை, எங்கே சேர்ப்பு என்று தாளில் பார்த்துப் பார்த்துப் பின்ன வேண்டும். இடதுகையின் மடங்காத இரண்டு விரல்களும் விறைத்து நிற்க, மீதி மூன்று விரல்களால் துணியைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்தார். ஒன்பதாவது வரிசையில் தப்பு வந்து, மூன்று வரிசை இறக்கி மறுபடி ஏற்றினார். வக்கீலம்மா ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்து, நீளமான ஒயரில் மாட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் கண்ணி ஏறியதும் லிஃப்ட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார். நின்றது. ஆனால் அந்தக் கட்டம் மட்டும் கொஞ்சம் இறுகித் தெரிந்தது. தெரியட்டும் என்றார். பலகையைக் கழற்றினார்.

"எந்த மாடி?" என்று கேட்டார், எல்லோரையும் பொதுவாகப் பார்த்து.

பதினைந்து நாள் பணியிடைநீக்கம். விளக்கம் கேட்டு ஒரு கடிதம். வக்கீலம்மா நாலு பக்கத்துக்குப் பதில் எழுதித் தருவதாகச் சொன்னார். இவர் வேண்டாம் என்று தன் கையாலேயே ஒரே வரி எழுதினார்: "சால்வையைக் கிழித்தவர் மன்னிப்புக் கேட்டால், லிஃப்ட்டை நிறுத்தியதற்கு நானும் மன்னிப்புக் கேட்கிறேன்." இரண்டும் நடக்கவில்லை.

திரும்பி வந்தவரை லிஃப்ட்டிலிருந்து தூக்கி அடித்தளத்தில் தண்ணீர் மோட்டார் அறைக்குப் போட்டார்கள். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் ஓதம். ஒரு குண்டு பல்பு. வேலை நேரத்தில் பின்னல் வேலை செய்யக் கூடாது என்று தனியாக ஓர் உத்தரவும் சுவரில் ஒட்டியிருந்தது. பழைய சிநேகத்துக்காக நான் ஒருநாள் பார்க்கப் போனேன். ஒடிந்துபோயிருப்பார் என்று நினைத்தேன். மனிதர் தலைகீழாகக் கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்துக் கட்டத்தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உத்தரவு?" என்று சுவரைக் காட்டினேன்.

"பின்னக் கூடாதுன்னுதானே இருக்கு? வரையக் கூடாதுன்னு இல்லையே. படிச்சுப் பாருங்க சார், நல்லாப் படிச்சுப் பாருங்க."

மோட்டார் ஓடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் வரைந்தார். சுவரில் ஓதம் ஏறிய தடம், குழாய் மூட்டில் சொட்டிய நீர், தளத்தில் தேங்கிய தண்ணீரில் மோட்டார் அதிரும்போது எழும் வளையம் எல்லாம் தாளில் கட்டமாகின. வீட்டில் பின்னிச் சரிபார்ப்பார். ஒன்றரை வருடத்தில் முப்பத்தொரு மாதிரி. அக்கா அவற்றைப் புத்தகமாகப் போடச் சொல்லி அச்சக முதலாளியிடம் கொண்டுபோனார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, வாங்குவது பெண்கள்தான், அட்டையில் ஒரு பெண் படம் போடலாம், ஆசிரியர் பெயரைச் சின்னதாக உள்ளே போடலாம் என்றார்.

அக்கா கணவரைக் கேட்கவே இல்லை. "பேரை வெளியிலதான் போடணும், பெரிசாப் போடணும். கணக்குல எங்கேயாச்சும் தப்பு இருந்தா யாரைத் திட்டணும்னு வாங்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. அட்டையில் அவர் பெயர். அதன் கீழே படமாக, மடங்காத இரண்டு விரல்களோடு அவர் இடதுகை.

புத்தகம் எங்கெங்கோ போனது. திட்டி ஐந்து கடிதம் வந்தது. பதினெட்டாவது மாதிரியில் உண்மையிலேயே ஒரு தப்பு இருந்தது. ஐந்து பேருக்கும் திருத்தம் எழுதி அனுப்பினார். மைத்துனர் தன் கடையில், உதிரிபாகப் பட்டியலுக்குப் பக்கத்தில், ஒரு பிரதியைச் சாய்த்து வைத்திருந்தார். எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "கேக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டாமா, என் மச்சான்னு?" என்றாராம்.

புத்தகம் வெளிவந்த அடுத்த வருடம் செயலாளர் அம்மா, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். கண்காட்சிக்கு நீங்கள் அவசியம் கொடுக்க வேண்டும் என்று விண்ணப்பத்தை நீட்டினார். "மகளிர்", "மட்டும்" என்ற இரண்டு சொற்களையும் பேனாவால் அடித்திருந்தது. அவர் வாங்கிப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது எனக்காகக் கையால அடிச்சது. எனக்கு மட்டும் வேணாங்க. அச்சுலயே அந்த ரெண்டையும் எடுத்துட்டு அப்புறம் வாங்க."

"இந்த வருஷம் அச்சடிச்சாச்சு."

"அடுத்த வருஷம் வரும்ல?"

செயலாளர் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. படியேறும்போது ஒருமுறை திரும்பினார். "நீங்க ரொம்பப் பிடிவாதக்காரர்."

"வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க."

அடுத்த வருட விண்ணப்பத்தில் வெறும் "கைவேலைகள்" என்றிருந்தது. அந்த வருடம் அவரோடு சேர்த்து ஆறு ஆண்கள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் பேருந்து ஓட்டுநர், இன்னொருவர் ஓய்வுபெற்ற காவலர். இத்தனை நாள் இவர்கள் எல்லாம் எங்கே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்களோ. லிஃப்ட்டுக்காரர் கொடுத்தது தண்ணீர் வளையம் போட்ட புதுச் சால்வை. எண்பத்தொரு கிராம்.

பரிசளிப்புக்கு நானும் போயிருந்தேன். அவருக்கு இரண்டாம் பரிசு. எனக்கும் கணக்காளருக்கும் கொதித்தது. கணக்காளர் கேட்பதற்கு எழுந்தே விட்டார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். லிஃப்ட்டுக்காரர் எங்கே என்று பார்த்தால், முதல் பரிசுச் சால்வையின் முன்னால் மூக்கு தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அதைப் பின்னிய பெண், பள்ளியில் கணக்கு ஆசிரியை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"இந்த மூலையை எப்படித் திருப்பினீங்க?"

"பாதி வரிசை போய்ப் பாதியிலேயே திரும்பிடணும். உங்க புத்தகத்துல மூலைக்கு மூணு கண்ணி கூட்டச் சொல்லியிருக்கீங்க. அது தப்பு."

"தப்பில்லைங்க. கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான்."

"கொஞ்சமா? சமோசா மாதிரி உப்புது. நாலு தடவை பிரிச்சேன், உங்களைத் திட்டிக்கிட்டே."

"நாலுதானே? எங்கே, தாள் இருக்கா?"

ஆசிரியை கைப்பையிலிருந்து தாளை எடுத்தார். இருவரும் காட்சி மேசையின் ஓரத்திலேயே குனிந்து வரைய ஆரம்பித்தார்கள். மேடையில் செயலாளர் அம்மா ஒலிபெருக்கியில் பரிசு பெற்றவர்களைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். புகைப்படக்காரர் வந்து நின்றார். மூன்றாம் பரிசுக்காரர் மட்டும் தனியாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மறுபடி கூப்பிட்டார்கள்.

"இருங்க வர்றோம்" என்றார் லிஃப்ட்டுக்காரர், தலையைத் தூக்காமல். "இந்தம்மா சொல்றது சரியில்லை. முடிச்சுட்டு வர்றேன்."